காசு கிடைக்குமா, அண்ணாச்சி?

மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டிராவல் ஏஜென்சி நடத்துகிறவனுக்கு மூன்று வகை வாடிக்கையாளர்கள். தாராவி 90 அடி சாலையிலிருந்து மஸ்கட், துபாய், ரியாத் என்று வேலைக்குப் போகும் பையன்கள் ஒரு வகை. லண்டனிலும் நியூ ஜெர்சியிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் மாட்டுங்காப் பெரியவர்கள் இன்னொரு வகை. டொராண்டோவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வரும் செம்பூர் சேடா நகர், திலக் நகர் குடும்பங்கள் மூன்றாவது. ஊர் திரும்பியதும் மூன்று வகையும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "ஃபிளைட் பத்து மணி நேரம் லேட்டு. காசு கிடைக்குமா, அண்ணாச்சி?"

கேள்வி ஒன்றுதான். பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்த இருவரில் ஒருவருக்குக் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. எந்தச் சட்டம் யாருக்கு என்பது விமானம் தாமதமாகும் நாளில் முடிவாவதில்லை. டிக்கெட் போடும் நாளிலேயே அது முடிந்துபோன விஷயம். இத்தனை ஆண்டுத் தொழிலில் நான் கற்றதைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர். பள்ளி முடித்ததும் ஃபோர்ட்டில் ஒரு ஏஜென்சியில் ஆபீஸ் பையனாகச் சேர்ந்தேன். அன்றைக்கு டிக்கெட் என்றால் சின்னப் புத்தகம். பின்பக்கம் சிவப்பு கார்பன் பூசிய கூப்பன்கள், அவற்றுக்குப் பிறகு பொடி எழுத்தில் சில பக்கங்கள். அந்தப் பொடி எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள். பயணிகளின் வீட்டு வாசலில் காத்திருக்கும் நேரத்தில் நான் படிப்பேன். வார்சா ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு, 1929இல் போட்டது, பெட்டி தொலைந்தால் கிலோவுக்கு 20 டாலர்தான் என்று அதில் இருக்கும். பெட்டிக்குள் பட்டுப்புடவை இருந்தாலும் பழைய பேப்பர் இருந்தாலும் எடைக்குத்தான் விலை.

2008 ஜூனில் காகித டிக்கெட் போயிற்று. பொடி எழுத்தும் கண்ணிலிருந்து மறைந்தது. அதற்கடுத்த ஆண்டு, 2009இல், இந்தியா மாண்ட்ரீல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கிலோக் கணக்கு ஒழிந்து ஆளுக்கு இவ்வளவு வரை என்று வந்தது. பயணிக்கு உரிமை கூடிய அதே நேரத்தில், அந்த உரிமை எழுதியிருந்த தாள் அவன் கையைவிட்டுப் போய்விட்டது. அதைச் சொல்ல வேண்டிய வேலை ஏஜென்ட் தலையில் விழுந்தது.

காசு கிடைக்குமா என்று கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் மூன்று விஷயம் கேட்பேன். எந்த ஊரில் விமானம் ஏறினீர்கள்? பறந்த விமானம் யாருடையது? முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரா, அதாவது ஒரே புக்கிங் எண்ணா, இரண்டா? எத்தனை மணி நேரம் தாமதம், யார் மரியாதையில்லாமல் பேசினார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

முதல் கேள்விக்கு லண்டன் தடம் நல்ல உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்ற விதி 2005 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பிரிட்டன் வெளியேறியபோது அதையே தன் சட்டமாக எடுத்துக்கொண்டது. அங்கிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் இந்த விதிக்குள் வரும். அங்கே போய் இறங்கும் விமானம் என்றால் அந்தப் பக்கத்து நிறுவனமாக இருந்தால்தான் வரும். ஆக, ஹீத்ரோவில் ஏறி மும்பை வரும் ஏர் இந்தியா உள்ளே; மும்பையில் ஏறி ஹீத்ரோ போகும் ஏர் இந்தியா வெளியே. அதே மும்பை–ஹீத்ரோ தடத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்றால் உள்ளே. தூரம் 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்தால் ஆளுக்கு 520 பவுண்டு. மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் என்றால் அதில் பாதி. ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் தடங்களில் இதுவே 600 யூரோ.

இதில் இரண்டு விஷயத்தை மாட்டுங்காக்காரர்கள் நம்பவே மாட்டார்கள். ஒன்று, பாஸ்போர்ட் எந்த நாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். "நமக்கெல்லாம் தருவானா, அவா ஊர்க்காராளுக்குத்தானே?" என்று ஒரு மாமி என்னிடம் கேட்டார். தந்தார்கள், அவருக்கும் மாமாவுக்கும் சேர்த்து. இரண்டு, டிக்கெட்டை மாட்டுங்காவில் ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த உரிமைக்குக் குறைவில்லை.

போகும்போது ஒரு சட்டம், வரும்போது ஒரு சட்டம் என்பது ஐரோப்பிய நீதிமன்றத்திலேயே தீர்ந்த வழக்கு. ஜெர்மனியின் டுசல்டார்ஃபிலிருந்து துபாய் வழியாக மணிலா போய்வர ஒருவர் எமிரேட்ஸில் டிக்கெட் வாங்கியிருந்தார். 2006 மார்ச்சில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானம் ரத்தானது. பயணம் ஐரோப்பாவில்தானே தொடங்கியது, ஒரே டிக்கெட்தானே என்று வாதிட்டார். 2008இல் தீர்ப்பு வந்தது: போவது வேறு, வருவது வேறு, ஏறிய இடம் மணிலா, நிறுவனம் ஐரோப்பாவைச் சேர்ந்ததல்ல, ஆகவே விதி பொருந்தாது. மணிலா என்று இருக்கும் இடத்தில் மும்பை என்று போட்டுப் படித்தால், லண்டன் மகனைப் பார்த்துவிட்டு வருகிற தாய்தகப்பனின் கணக்கும், அம்மாவைப் பார்க்க வந்துபோகும் மகனின் கணக்கும் தெளிவாகிவிடும்.

இரண்டாவது கேள்வி, பறந்த விமானம் யாருடையது என்பது. டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் எண் இருக்கும். 'ஆபரேட்டட் பை' என்று கீழே வேறு பெயர் இருக்கும். ஐரோப்பிய விதிக்கு அந்தக் கீழ்ப்பெயர்தான் பேசும். மும்பையிலிருந்து ஐரோப்பா போகிறவர் லுஃப்தான்சா எண்ணில் வாங்கி ஏர் இந்தியா விமானத்தில் பறந்தால் ஒரு பதில். ஏர் இந்தியா எண்ணில் வாங்கி லுஃப்தான்சாவில் பறந்தால் வேறு பதில்.

மூன்றாவது கேள்விதான் எங்கள் தொழிலின் உயிர். ஒரே பி.என்.ஆரில் போட்ட பயணத்தைச் சட்டம் ஒரே பயணமாகப் பார்க்கும். பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக மொராக்கோவின் அகாதிர் போன ஒரு பெண்மணிக்கு இரண்டாவது துண்டில்தான் தடங்கல். அந்தத் துண்டு முழுக்க ஐரோப்பாவுக்கு வெளியே. அப்படியும் 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை விதிக்குள் கொண்டுவந்தது. காரணம், ஒரே புக்கிங். மாண்ட்ரீல் ஒப்பந்தத்திலும் அப்படித்தான். தூத்துக்குடியிலிருந்து சென்னை வந்து சிங்கப்பூர் போகிறவர் ஒரே டிக்கெட்டில் வந்தால், தூத்துக்குடி–சென்னை துண்டும் அவருக்குப் பன்னாட்டுப் பயணம். பக்கத்து இருக்கைக்காரர் சென்னையோடு இறங்குகிறவர்; அவருக்கு அது உள்நாட்டுப் பயணம். பெட்டி இரண்டு பேருக்கும் தொலைந்தால் இருவரும் கேட்கும் சட்டம் வேறு வேறு.

மலிவு தேடி இரண்டு டிக்கெட்டாக வாங்கினால் இந்தக் கட்டு அறுந்துபோகும். தாராவிப் பையன்கள் அடிக்கடி செய்வது இது. ஊரில் திருவிழா பார்த்துவிட்டு மதுரையிலிருந்து மும்பைக்கு ஒரு நிறுவனத்தில் ஒரு டிக்கெட், மும்பையிலிருந்து மஸ்கட்டுக்கு இன்னொரு நிறுவனத்தில் இன்னொன்று. முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம், இரண்டாவது போய்விட்டது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவன் 'நோ ஷோ', அதாவது வராதவன். முதல் நிறுவனத்தைப் பொறுத்தவரை அவன் மும்பைக்கு வந்து சேர்ந்துவிட்டவன். விசா முடியப் போகும் நேரத்தில் புது டிக்கெட் தன் காசில். சேமித்தது மூவாயிரம் என்றால் போனது பல மடங்கு. எனவே இரண்டு டிக்கெட் கேட்டு வருகிறவனிடம் நடுவில் ஒரு ராத்திரி தாராவியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் போ என்றுதான் சொல்வேன்.

இந்தியாவுக்கென்று விதி இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், டி.ஜி.சி.ஏ., 2010 ஆகஸ்டில் கொண்டுவந்து பிறகு திருத்திய விதி. இந்திய நிறுவனங்களின் வெளிநாட்டுத் தடங்களுக்கும் அது உண்டு. டிக்கெட் உறுதியாகி, நேரத்துக்கு வந்தும் ஓவர் புக்கிங்கால் ஏற்றவில்லை என்றால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தராத பட்சத்தில் பணம் உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் என்றால் 10,000 ரூபாய் வரை, அதற்கும் மேல் போனால் 20,000 வரை. முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் எது குறைவோ அது. 2023 பிப்ரவரியிலிருந்து, பிசினஸ் வகுப்பில் வாங்கியவரை எகானமியில் உட்காரவைத்தாலும் பணம் உண்டு. வெளிநாட்டுத் தடத்தில் தூரத்துக்கு ஏற்ப டிக்கெட் விலையில் 30, 50, 75 சதவீதம்.

கவனியுங்கள், வெறும் தாமதத்துக்கு இந்த விதியில் ரொக்கம் கிடையாது. சாப்பாடு உண்டு, 24 மணி நேரத்துக்கு மேல் என்றால் ஓட்டல் உண்டு, இரவு 8 மணியிலிருந்து விடிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் ஓட்டல் உண்டு. மும்பை வளைகுடா விமானங்களில் பல இந்த நேரத்தில்தான் கிளம்பும். ஆனாலும் சஹார் முனையத்தில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் பையன்களில் ஓட்டல் கேட்டவன் எவனையும் நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இந்த விதிக்குள் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது. புக்கிங்கின்போது சரியான தொடர்பு எண் தராதவருக்கு ரத்துக்கான இழப்பீடு இல்லை. எங்கள் தொழிலில் சிலருக்கு ஒரு பழக்கம்: வாடிக்கையாளர் எண்ணைப் போட்டால் விமான நிறுவனம் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து, எல்லா பி.என்.ஆரிலும் தங்கள் ஆபீஸ் எண்ணையே போடுவார்கள். ரத்துச் செய்தி ராத்திரி இரண்டு மணிக்குப் பூட்டிய ஆபீஸுக்கு வந்து சேரும். பயணிக்குத் தகவலும் போகாது, பிறகு வழக்காட வழியும் இருக்காது. யாரிடம் டிக்கெட் வாங்கினாலும் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் பி.என்.ஆரில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஆஃப்லோட் பண்ணிட்டாங்க' என்று வந்து நிற்பவர்களிலும் இரண்டு சாதி உண்டு. விமானத்தில் இடமில்லாமல் விட்டுப் போனால் இழப்பீடு. இ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை) பாஸ்போர்ட்டோடு குடியேற்ற அனுமதி இல்லாமல் வேலை விசாவில் கிளம்பி, இமிக்ரேஷனில் நிறுத்தப்பட்டால் விமான நிறுவனம் பொறுப்பல்ல. இரண்டும் விட்டுப்போன விமானம்தான். காரணம் எழுதிய தாள் கையில் இருந்தால்தான் எது எது என்று பிரிக்க முடியும்.

ஐரோப்பிய விதியும் இல்லை, டி.ஜி.சி.ஏ. விதியிலும் பணம் இல்லை என்கிற இடத்தில்தான் மாண்ட்ரீல் நிற்கிறது. கிளம்பும் நாடும் சேரும் நாடும் உறுப்பினராக இருக்க வேண்டும். போய்வரும் டிக்கெட் என்றால் கிளம்பிய நாடு உறுப்பினராக இருந்தாலே போதும். மும்பையில் கிளம்பி மும்பையில் முடியும் டிக்கெட்டுக்கு இந்தியா உறுப்பினராக இருப்பது காப்பு. சட்டத்தின் கண்ணில் அந்த டிக்கெட்டின் கடைசி ஊரும் மும்பைதான். வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும் இங்கேயே வழக்குப் போடலாம். நுகர்வோர் ஆணையம் இத்தகைய வழக்குகளை விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் டிரான்ஸ் மெடிடரேனியன் ஏர்வேஸ் வழக்கில் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

ஐரோப்பிய விதி பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஒரே அளவு பரிமாறுவது. மாண்ட்ரீல் பசியை நிரூபித்தால் மட்டும் போடுவது. தாமதத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம், அதற்கு ரசீது எங்கே என்று கேட்கும். உச்சவரம்பு எஸ்.டி.ஆர். என்ற பன்னாட்டு நிதியக் கணக்கில் இருக்கும். 28 டிசம்பர் 2024 முதல் உலக அளவில் அது தாமதத்துக்கு 6,303 எஸ்.டி.ஆர்., பெட்டிக்கு 1,519. பெட்டிக்கானது ரூபாயில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம். இது வரம்பே தவிர விலை அல்ல. தடங்கலைத் தவிர்க்க நியாயமாகச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தோம் என்று நிறுவனம் காட்டிவிட்டால் தாமதத்துக்கு அதுவும் இல்லை.

பெட்டி விஷயத்தில் மாண்ட்ரீல் நாள்காட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உடைந்த பெட்டிக்குக் கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார். தாமதமாக வந்த பெட்டிக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் வரவில்லை என்றால் தொலைந்ததாகவே கணக்கு. வழக்கென்றால் 2 ஆண்டுக்குள். ஒரு நாள் தாண்டினாலும் உரிமையே செத்துப்போகும். கன்வேயர் பெல்ட் நின்றதும் வெளியே ஓடாமல், அங்கேயே கவுண்டரில் பி.ஐ.ஆர். என்ற தாளை எழுதி வாங்குங்கள். டாக்சிக்காரன் காத்திருக்கிறான், மாப்பிள்ளை வெளியே நிற்கிறார் என்று வந்துவிட்டு நாலாம் நாள் என்னிடம் வந்தால், பெட்டி எங்கே உடைந்தது என்பதையே நிரூபிக்க வேண்டிவரும். கல்யாணப் புடவைகளோடு போகிறவர்கள் செக்-இன்னில் மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம். ஒப்பந்தத்திலேயே அந்த வழி இருக்கிறது. கவுண்டரில் இருக்கும் இளைஞருக்கு அது தெரியாமல் இருக்கலாம். மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இரண்டு நாடு, இரண்டு கணக்கு. கனடாவுக்குப் போகும், வரும் விமானங்களுக்கு 2019இலிருந்து தனி விதி. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்த, பாதுகாப்புக்காக அல்லாத காரணத்தால் தாமதமானால், பெரிய நிறுவனங்கள் மூன்று மணி நேரத்துக்கு 400, ஆறு மணி நேரத்துக்கு 700, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் 1,000 கனடிய டாலர் தர வேண்டும். ஓராண்டுக்குள் கேட்டாக வேண்டும். விமான நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடி 2024 அக்டோபரில் கனடிய உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. அமெரிக்காவில் தாமதத்துக்கு ரொக்கமே கிடையாது. செம்பூர் அக்காவுக்கு டொராண்டோ வழியில் கிடைத்தது, மாட்டுங்கா அண்ணனுக்கு நியூவார்க் வழியில் கிடைக்காது. இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு இரண்டு டீ ஆகிவிடும்.

ஆனால் ரீஃபண்ட் என்று வந்தால் அமெரிக்கா கடுமை. 2020 மார்ச்சில் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியபோது, ஏஜென்ட்கள் கட்டிய பணம் நிறுவனங்களிடம் மாட்டிக்கொண்டது; பயணிகள் எங்கள் கடை வாசலில் நின்றார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1இல் நம் உச்ச நீதிமன்றம் பணத்தைத் திருப்பச் சொன்னது. ஏஜென்ட் வழியாக வந்தால் உடனே பயணியிடம் சேர்க்கவும் உத்தரவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையோ 2022 நவம்பரில் ஏர் இந்தியா 12.15 கோடி டாலர் ரீஃபண்ட் தரவேண்டும் என்றும், இழுத்தடித்ததற்கு 14 லட்சம் டாலர் அபராதம் என்றும் அறிவித்தது.

எல்லா விதிக்கும் ஒரு பின்வாசல் உண்டு: அசாதாரணச் சூழ்நிலை. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியபோது வளைகுடா விமானங்கள் திசைமாறிப் போயின. அதற்கெல்லாம் யாரும் ரொக்கம் தரத் தேவையில்லை. சாப்பாடும் மாற்று விமானமும் தருவது கடமை. ஆனால் 'டெக்னிகல் கோளாறு' அந்த வாசலில் நுழையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. பைலட்டுக்கு உடம்பு சரியில்லை என்பதும் நுழையாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது. கேட்டில் நிற்கும்போதே தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டு எழுத்திலோ மின்னஞ்சலிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு 'டெக்னிகல்' என்றவர்கள் இரண்டு மாதம் கழித்து 'ஆபரேஷனல் காரணம்' என்று எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோபத்தோடு எழுதிய நாலு பக்கக் கடிதத்தால் ஒரு பைசா வந்து நான் பார்த்ததில்லை. பி.என்.ஆர்., விமான எண், தேதி, இறங்கிய ஊரில் விமானக் கதவு திறந்த நேரம், எந்த விதியின்படி எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்று பத்து வரி போதும். போர்டிங் பாஸைப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் அரசின் ஏர்சேவா புகார் தளம், அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையம். முப்பது சதவீதம் வெட்டிக்கொண்டு வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் கம்பெனிகள் செய்வதும் இதைத்தான்.

இப்போது யார் டிக்கெட் கேட்டு வந்தாலும் இரண்டு விலை சொல்கிறேன். பக்கத்திலேயே எதில் தடங்கல் வந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்றும் எழுதிக் கொடுக்கிறேன். பெரும்பாலோர் மலிவானதைத்தான் எடுக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. தாராவிப் பையனுக்கு மூவாயிரம் ரூபாய் பெரிய பணம். அந்த மூவாயிரத்துக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறான். மொபைலில் தானே டிக்கெட் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் அதையே சொல்வேன். பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் மூன்று கேள்வியையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்தின பிறகு என்னிடம் வந்தால், நான் விதியைப் படித்துக் காட்டத்தான் முடியும்.